காடாத் துணியும் காதல் நாவலும்

கோவைப் பக்கம் இருக்கும் எங்கள் சோமனூரின் தறிகளில் அதிகமும் ஓடுவது காடாத் துணி. சாயம் ஏறாதது, பூ வேலை இல்லாதது. வெளியூர்க்காரர் பார்த்தால் ஒரு பீஸுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. துணியைச் சரிபார்த்து மடிப்பவருக்குத் தெரியும். எங்கே இழை நெருக்கம் குறைந்திருக்கிறது, எங்கே பாவு நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடியிருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். எழுத்தாளர் ரமணிசந்திரனின் காதல் நாவல்களைப் பற்றி ‘எல்லாம் ஒரே கதைதானே’ என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த விரல்கள்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் வீதியில் அந்த நாவல்களை வாங்கியவர்களைவிடக் கைமாற்றிப் படித்தவர்களே அதிகம். தறிக்கு நூல் தார் சுற்றும் அக்கா ஒருவர் எனக்குக் கொடுத்த புத்தகத்தின் அட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கடைசிப் பக்கம் கிழிந்து போயிருந்தது. சொன்னேன். “அதுக்கென்ன கண்ணு, சேந்துக்குவாங்கன்னுதான் தெரியுமே” என்றார். காதல் நாவலின் ரசனை முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகும் படிக்கவைப்பது எது?

இந்த வகை நாவலுக்கு மேல்நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. லண்டனில் 1908-ல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் முதலில் எல்லா வகைப் புத்தகங்களையும் போட்டது. 1930-களில்தான் காதல் கதையில் காலூன்றியது. பழுப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகங்கள் வாடகை நூலகங்கள் வழியாகவே அங்கே வேலைக்குப் போகும் பெண்களிடம் போய்ச் சேர்ந்தன. தமிழில் அந்த இடத்தை மாத நாவல்கள் பிடித்தன. ‘ராணி முத்து’ வந்தது 1969-ல். அந்த மாத நாவல் காலத்தில் எழுத வந்து, 150-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர் ரமணிசந்திரன். அருணோதயம் பதிப்பகம் அவற்றைத் தொடர்ந்து புத்தகமாக்கியது.

அவரை மேல்நாட்டுக் காதல் கதையின் தமிழ்ப் பிரதி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அங்கே பெரும்பாலும் கல்யாணம்தான் கதையின் எல்லை. இவருடைய பல கதைகளில் கல்யாணம் நடுவிலேயே நடந்துவிடுகிறது. ஏதோ ஒரு நிர்ப்பந்தம், ஒரு தப்பெண்ணம். தாலி ஏறிவிடுகிறது, மனம் ஏறவில்லை. இருவரும் ஒரே வீட்டில் பேசாமல் நடமாடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவனைக் கட்டிக்கொண்டு, அவனை மெல்ல மெல்லத் தெரிந்துகொண்ட பெண்கள் வாழும் ஊரில் இதைவிட நெருக்கமான கதை எது?

அவர் கைவேலையின் நேர்த்தி அந்தப் பேசாத பக்கங்களில்தான் இருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டாள். தட்டு மட்டும் எடுத்து வைத்திருக்கும். அவன் நன்றி சொல்லமாட்டான். மறுநாள் சீக்கிரம் வீட்டுக்கு வருவான். இன்றைய மேல்நாட்டு நாவல் உடலைப் பற்றி ஒளிவில்லாமல் பேசுகிறது. இவரிடம் விரல் பட்டாலே அது ஒரு நிகழ்ச்சி. அதனால்தான் அம்மா படித்து வைத்ததை மகள் எடுக்க முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. கடைசியில் ஆண் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிறான். 12 மணி நேர ஷிப்ட் முடித்து வந்து, அடுப்படியிலும் நின்றுவிட்டுப் படுக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு வாக்கியத்தின் எடை தெரியும். தன்மானத்தை விட்டுக்கொடுக்காமலே அன்பு கிடைக்கும் என்று அவளிடம் வேறு யார் சொன்னார்கள்?

குறைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. முதல் பாதியில் நாயகனின் முரட்டுத்தனம் காதலின் அடையாளமாகவே கடந்துபோகிறது. பணம் பல முடிச்சுகளைச் சுலபமாக அவிழ்த்துவிடுகிறது. சாதி பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை. கொங்கு மண்ணில் அது சின்ன இடைவெளி இல்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) ஒரு விதவையின் உறவையும் நிலப் பங்கையும் பேசிக் கொலையில் போய் நிற்கிறது. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) சாதி மாறிக் கட்டிக்கொண்டவளை ஊர் என்ன செய்கிறது என்று காட்டுகிறது. இலக்கியமாக அவற்றின் உயரம் வேறு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கதையை அடுத்த தெருவிலேயே பார்த்துவிட்டவள் தூங்கப் போகும் நேரத்தில் தேடுவது வேறொன்றை. அதற்காக அவளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. சத்தம் அடங்கிய அந்த மதியங்களில் திண்ணைகளில் பழைய மாத நாவல்கள் மறுபடி வெளியே வந்தன. ஏற்கெனவே படித்தவைதான். கையில் காசு இல்லாத நாட்களிலும், நல்லபடியாக முடியும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பொருள் வீட்டில் இருந்தது.

‘வெண்மையில் எத்தனை நிறங்கள்’ என்று ரமணிசந்திரன் ஒரு நாவலுக்குப் பெயர் வைத்திருக்கிறார். காடா நெய்யும் ஊரில் அந்தக் கேள்வியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் ஒன்றே என்று நினைப்பவர்கள் அவருடைய இரண்டு நாவல்களை அடுத்தடுத்து எடுத்து, கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாத அத்தியாயங்களை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.