பிள்ளைத்தமிழில் பிள்ளையின் குரல்

எமது தங்கையின் மகள் சென்ற மாசி மாதத்தில் நடக்கத் தொடங்கினாள். திண்ணைத் தூணைப் பற்றி நின்றவள் ஒரு மாலை தூணை விட்டு மூன்று அடி வைத்தாள்; நான்காம் அடிக்கு முன் பொத்தென்று இருந்துவிட்டாள். அழவில்லை. ஏதோ பிழை செய்துவிட்டவள்போல எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தாள்; நாம் சிரிக்கக் கண்ட பின்பே தானும் சிரித்தாள். அதே வாரத்தில் 'மா' என்றொரு சொல்லும் வந்து சேர்ந்தது. அது அம்மாவைக் குறித்ததா, மாமாவாகிய எம்மைக் குறித்ததா என்ற வழக்கு வீட்டில் இன்னும் தீர்க்கப்படவில்லை. உதடுகளைச் சேர்த்துப் பிறக்கும் ஒலிகள் குழந்தை வாயில் முந்தி வருவன என்று மொழியியலறிஞர் ரோமன் யாக்கொப்சன் 1941இல் விளக்கினார். வாவிக் கரையில் ஒரு வேலிக்கு இப்பாலுள்ள பிள்ளை 'அம்மா' என்பதும், அப்பாலுள்ள முஸ்லிம் வீட்டுப் பிள்ளை 'உம்மா' என்பதும் அதே உதடுகளின் வேலையே.

இது குடும்பச் சங்கதி. இலக்கிய இதழில் இதற்கென்ன இடம் என்று வாசகர் கேட்கக்கூடும். தமிழ் கற்பிப்பவரின் பழக்கத்தால், அந்த மூன்று அடிகளுக்கும் அந்த ஒரு சொல்லுக்கும் நம் இலக்கியத்தில் என்ன இடம் கிடைத்திருக்கிறது என்று நாம் தேடிப் பார்த்தோம். தேட அதிக தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளைத்தமிழ் என்றே ஒரு பிரபந்தம் நம்மிடம் உண்டு. குழந்தையைப் பாடுதற்குத் தொல்காப்பியம் புறத்திணையில் இடங்கொடுத்தது. பெரியாழ்வார் கண்ணனின் பிள்ளைப் பருவத்தைப் படிப்படியாகப் பாடி வழிதிறந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழோடு அது தனி வகையாக நிலைபெற்றது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. அவற்றின் பின், ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் போல்வன. பாட்டியல் நூல்கள் தம்முள் வேறுபடினும், மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை ஒற்றைப்பட்ட திங்கள்களில் இப்பருவங்களை வைத்துப் பாடுவது அறியப்பட்ட முறை. சார்ல்ஸ் டார்வின் தம் மகனின் வளர்ச்சிக் குறிப்புகளை 1877இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே குழந்தையின் மாதங்களை எண்ணி ஓர் இலக்கிய உருவம் அமைத்த மொழி இது. மாணவர்க்கு இதனைச் சொல்லும்போது நாமும் பெருமிதம் கொள்வதுண்டு.

ஆனால் உருவத்தைப் பாராட்டி அவ்வளவில் நின்றுவிடுவது விமர்சகன் செய்யத்தக்கதன்று. இப்பருவங்களின் பாடல்கள் எவ்வாறு முடிகின்றன என்பதைக் கவனித்தல் வேண்டும். செங்கீரை ஆடுக, சப்பாணி கொட்டுக, முத்தம் தருக, வருக, பறை முழக்குக, தேர் உருட்டுக. ஏறக்குறைய அனைத்தும் ஏவல். தாயோ செவிலியோ புலவனோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளை ஆடுகிறது, கொட்டுகிறது, வருகிறது. பதில் சொல்வதில்லை. 'தால்' என்பது நாவின் பெயர். அங்கே அசைவதும் தாயின் நாவே. வழக்கில் நிலைத்த பத்துப் பருவங்களுள் பேச்சுக்கென்று ஒரு தனிப் பருவமே இல்லாதது வியப்புக்குரியது. செங்கீரை என்பதில் 'கீர்' என்பதற்குச் சொல் எனப் பொருள்கொண்டு, அது மழலை தொடங்கும் பருவம் என்பாரும் உளர். அவ்வாறே கொண்டாலும், அப்பருவத்துப் பாடல்களில் நாம் பெரும்பாலும் காண்பது ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தூன்றித் தலைநிமிர்த்தி அசையும் உடலைத்தான். அந்த வாயிலிருந்து என்ன சொல் வந்தது என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

இதற்குக் காரணம் புலவர்களின் காது மந்தம் என்று கூறிவிட முடியாது. பாடப்பட்ட பிள்ளை யார் என்பதிலேயே காரணம் இருக்கிறது. அரசன், தெய்வம், மடாதிபதி: நிலவுடைமைச் சமுதாயம் எவரெவரை வணங்கியதோ அவரெல்லாம் இப்பிரபந்தத்திற் குழந்தைகளாயினர். ஒட்டக்கூத்தர் பாடியது தவழும் மதலையை அன்று. முடிசூடிய சோழப் பேரரசனை. மீசை முளைத்த மன்னனைச் சப்பாணி கொட்டச் சொன்னால் அவன் என்ன மழலை பேசுவான்? சிற்றிற் பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் வீடு கட்டிய சிறுமியர் அதனைக் காலால் அழிக்க வேண்டாமென்று தலைவனிடம் இரக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் ஊர்ப் பிள்ளைகள் வாய்திறக்கும் இடம் இது. அவர்கள் திறப்பது மன்றாடுவதற்கு! அம்புலிப் பருவத்தில் நிலாவை விளையாட அழைக்கும்போதும் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற அரசியல் உபாயங்கள் நான்கையும் பயன்படுத்துகிறார்கள். வராவிடில் தண்டனை உண்டென்று சந்திரனே மிரட்டப்படுகிறான். இவ்வுருவம் இருபதாம் நூற்றாண்டிலும் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை; காந்தியடிகள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடினார்கள்.

ஒன்றைச் சொல்லாவிடில் நேர்மையாகாது. பெரியாழ்வாரை இக்கூட்டத்தோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. பின்வந்தோர் வரையறுத்த பத்திற் தனியிடம் பெறாத தளர்நடைக்கு அவர் தனிப் பதிகமே தந்தார். யசோதையின் குரலில் பாடுகையில் அவர் ஓர் இடைச்சேரியின் முற்றத்திலே நிற்கிறார். பால், வெண்ணெய், காதுகுத்தல், நீராட்டல் என்று வீட்டு வேலைகளின் வாசனை அங்கே வீசுகிறது. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் ஓசையழகையும் நாம் மறுக்கவில்லை. வகுப்பில் அதனை வாய்விட்டுப் படிக்கும்போது பின்வாங்கிற் பையன்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஓசை வேறு, கேட்டல் வேறு.

கேட்ட புலவர்கள் முன்பே இருந்தனர். புறநானூற்றில் 188ஆம் பாட்டைப் பாடநூல்கள் விரும்பித் தொகுக்கின்றன. பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. சிறு அடி வைத்து நடந்து, கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழாவியும் மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையை அதிற் காண்கிறோம். எங்கள் வீட்டுச் சின்னவளும் அப்படித்தான் உண்கிறாள். நெய் மட்டும் இல்லை. நல்ல பாட்டு. பாடியவன் மன்னனாதலால் சோறு குறையவில்லை. இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் எத்தனைபேர் அதே நூலின் 164ஆம், 160ஆம் பாடல்களை அதன் பக்கத்தில் வைத்துக் கற்பிக்கிறோம்? முன்னதிற் பெருந்தலைச்சாத்தனார் தம் வீட்டு அடுப்பைக் காட்டுகிறார். சமைப்பதை மறந்த அந்த அடுப்பிற் காளான் பூத்திருக்கிறது. பாலற்ற மார்பைச் சுவைத்துச் சுவைத்து அழும் மகவின் முகத்தைத் தாய் பார்க்கிறாள். நீர் நிறைந்த அவள் கண்களைப் புலவர் பார்க்கிறார். பின்னதிற் பெருஞ்சித்திரனாரின் மகன் நடக்கத் தெரிந்தவன். அவனுடைய நடை எங்கே போகிறது? தாயிடம் பால் கிட்டாமையால், கூழும் சோறும் தேடிச் சென்று, ஒன்றுமில்லாத பாத்திரத்தைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறதென்கிறாள், நிலவைக் காட்டுகிறாள், அவை பயன்படாதபோது, அப்பாவோடு எப்படிக் கோபிப்பாய், செய்து காட்டு என்கிறாள்.

இந்த இடத்தில் நாம் பலமுறை நின்றிருக்கிறோம். நிலாக் காட்டுதல் பிற்காலத்தில் அம்புலிப் பருவமாகி அலங்காரம் பெற்றது. அதன் பழைய வேலைகளில் ஒன்று பசியை மறைப்பது. கோபித்துக் காட்டு என்ற விளையாட்டும் அத்தகையதே. பசித்த பிள்ளை அக்கோபத்தைக் காட்டினானா, தந்தை அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்பவற்றைப் பாட்டுச் சொல்லவில்லை. குமணனிடம் பரிசில் வேண்டிப் பாடியவை இவ்விரு பாடல்களும் என்பது உண்மையே. ஆயினும் வறியவன் வீட்டுப் பிள்ளையின் ஓர் அசைவு, வந்துபோன ஒரு கணம், அங்கே உள்ளபடி பதிந்திருக்கிறது. பத்துப் பருவ மரபு இந்தப் பிள்ளையைத் தன் வாசலுக்குள் விடவில்லை. பாரதி கண்ணம்மாவைத் தன் குழந்தையாக்கி அரண்மனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததையும், பாரதிதாசன் பெண் குழந்தைக்கென்று தாலாட்டுப் பாடியதையும் பெரும் மாற்றங்களாகவே கொள்கிறோம். என்றாலும் அங்கும் பேசுவது தந்தை, குழந்தை கேட்கிறது.

பிள்ளை பேசுவதைக் கேட்டு எழுதியவர் ஒருவரைச் சொல்வதானால் ருஷ்ய எழுத்தாளர் கோர்ணி சுக்கோவ்ஸ்கியைச் சொல்லலாம். 1928இல் முதல் வடிவம் பெற்றுப் பின்னர் 'இரண்டிலிருந்து ஐந்துவரை' என்ற பெயரில் விரிந்த நூலில், சிறுவர் தாமே ஆக்கிய சொற்களையும் வாக்கியங்களையும் அவர் தொகுத்தார். பெற்றோர் பலர் கடிதங்களில் எழுதியனுப்பியவை அவை. இரண்டு வயதில் ஒவ்வொரு குழந்தையும் ஒரு மொழி மேதை என்பது அவர் துணிபு. முற்போக்கு முகாமைச் சேர்ந்த நாம் மறக்கக் கூடாத ஒன்றும் இவ்விடத்தில் உண்டு. அதே 1928இல் அவருடைய 'முதலை' என்ற சிறுவர் கதைப்பாடலைக் குரூப்ஸ்கயா 'பிராவ்தா'வில் கடுமையாகத் தாக்கினார். கோர்க்கி அதே பத்திரிகையில் மறுத்து எழுதினார். பிள்ளைக்கு நல்லது எதுவென்று முன்னரே தீர்மானித்துவிட்டவர்களுக்குப் பிள்ளையின் பேச்சுக் கேட்பதில்லை. பாட்டியலுக்கு அடங்கிய புலவர்க்கு நேர்ந்த அதே குறை, கொள்கைக்கு அடங்கிய விமர்சகருக்கும் நேரலாம்.

எங்கள் மண்ணுக்கு வருவோம். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், வாவியின் மீன் எழுப்பும் இசையைச் செவிமடுத்துச் சிந்தித்தவர். 1947இல் 'யாழ் நூல்' வெளிவந்த சில வாரங்களில் மறைந்தார். தண்ணீருக்கடியிலிருந்து வரும் ஒலிக்குக் காதுகொடுத்த ஆசிரியர் பரம்பரை எங்களுடையது. ஏணையிலிருந்து வரும் ஒலிக்கு நாங்கள் என்ன செய்தோம்? மட்டக்களப்புப் பேச்சுத் தமிழ் ஏனைய பேச்சு வழக்குகளைவிட இலக்கியத் தமிழுக்கு நெருங்கியது என்று செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில் 1960களில் எழுதினார். மேடைதோறும் இதனைக் கூறி மகிழ்கிறோம். மகிழ்ந்தபின் வகுப்பறைக்குட் சென்று அதே பேச்சைச் சிவப்பு மையால் வெட்டுகிறோம். 'மனே' என்று அழைக்கப்பட்டு, 'இஞ்ச வாகா' என்ற குரலை நோக்கி முதலடி வைத்த பிள்ளை, பாடசாலைக்கு வந்த முதல் வாரத்திலேயே தன் சொற்கள் பிழையென்று அறிந்துகொள்கிறது. தூணை விட்டு விழுந்த எமது மருமகள் சுற்றிப் பார்த்த அந்தப் பார்வையை முதலாந் தரத்திலும் காணலாம். அங்கே சிரிப்பவர் குறைவு.

இதனினும் பெரிதான ஒன்று உண்டு. மாப்பிள்ளை பெண்வீட்டிற் குடியேறுவதும், குடி தாய்வழியில் வருவதும் எங்கள் பகுதியின் பழவழக்கம், வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) எங்கள் வாழ்வை அறிய விரும்புவோர் படிக்க வேண்டிய நூல். பிள்ளை பெத்தாவின் முற்றத்தில் வளர்வது இங்கே இயற்கை. அந்த இயற்கையை இன்று ஓர் அந்நியச் செலாவணிப் பொருளாதாரம் பயன்படுத்திக்கொள்கிறது. 1980களிலிருந்து படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றிருக்கிறார்கள். யுத்தமும் 2004ஆம் ஆண்டுக் கடல்கோளும் அவ்வழியை அகலப்படுத்தின. அயலார் பிள்ளைக்குச் சோறூட்டும் கூலியில் தன் பிள்ளைக்குச் சோறு அனுப்புகிறாள் தாய். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மாரை வீட்டுப் பணிக்கு அனுப்பாமல் தடுக்கும் விதி 2013இல் வந்தது. அந்த விதி தாயைக் குற்றவாளியாக்கியது, வறுமையைத் தொடவில்லை. 2022இல், நாடு டொலருக்குத் தவித்தபோது, அந்த எல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைத்தமிழ் இருபத்தோராம் மாதத்தில் முடிகிறது. அரசின் கணக்கில் இருபத்துநான்காம் மாதம் நிறைந்தால் தாய் புறப்படலாம். பிள்ளை நடையைக் கற்றுமுடித்து, சொல்லோடு சொல் சேர்க்கத் தொடங்கும் காலம் அது. 'வருக' என்று அழைக்க வேண்டியவள் வேறு நாட்டில் இருக்கிறாள். இங்கே அழைப்பது பிள்ளை.

சுக்கோவ்ஸ்கியைப் படித்த துணிவில், சென்ற தவணையிற் பத்தாந் தர மாணவரிடம் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் அல்லது அயலிற் பேசப் பழகும் குழந்தையின் சொற்களை ஒரு வாரம் கேட்டு, கேட்டபடியே கொப்பியில் எழுதிவர வேண்டும். பலர் ஏமாற்றினார்கள். 'குழந்தை யாழினும் இனிதாய் மழலை பேசிற்று' என்று மூவர் ஒரேமாதிரி எழுதியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியது தெளிவு. ஒரு பையன் தன் தம்பி தோணிக்கும் மாட்டுவண்டிக்கும் ஒரே சொல்லை வழங்குவதாகக் குறித்து, இரண்டும் ஆளை ஏற்றிப் போவதாலாக இருக்கலாம் என்று காரணமும் எழுதியிருந்தான். அவனுக்கு முழுப் புள்ளி கொடுத்தோம்.

படுவான்கரையிலிருந்து வரும் ஒரு மாணவி ஏழு நாட்களுக்கும் சேர்த்து எழுதியது மூன்றே வரிகள். அவளுடைய தாய் வெளிநாட்டிலே வேலை செய்பவர். 'தம்பி போனக் காட்டி அம்மா எண்டான். பெத்தா சிரிச்சா. மறுகா அழுதா.' சிவப்புப் பேனாவை நாம் திறந்துவிட்டோம்; 'மறுகா' என்பதன் கீழ் ஒரு கோடும் தொடங்கிவிட்டது. பின்னர் பேனாவை மூடி, அந்த மூன்று வரிகளையும் இருந்தபடியே விட்டு, பக்கத்திலே திகதியை மட்டும் எழுதினோம். அரைக் கோடு கொப்பியில் அப்படியே இருக்கிறது.