பெயின்ட் அடித்தால் எஞ்சின் மாறிவிடுமா?

பழைய மாடல் ரயில் கிட்டை வாங்கி, வெட்டி ஒட்டி, வேறு வகை ஷண்டிங் எஞ்சினாக மாற்றுவது ஒரு தனி பொழுதுபோக்கு. இதில் அதிகம் ரம்பம் படுவது ஏர்ஃபிக்ஸ் அந்தக் காலத்தில் விட்ட ட்ரூரி ஷண்டர் கிட். இப்போது அதை டேபோல் கம்பெனி விற்கிறது. மூலம், பிரிட்டிஷ் ரயில்வேயின் 04 வகை: 204 குதிரைத்திறன் கார்ட்னர் எஞ்சின், கம்பியால் பிணைத்த ஆறு சக்கரம், முன்னால் நீள பானட், பின்னால் கேபின். நம்மூர்க்காரர் கையில் கிடைத்தால் சித்தரஞ்சனில் கட்டிய டபிள்யூடிஎஸ்-4 ஆக்கத்தான் முதலில் ஆசை வரும். அதுவும் ஆறு சக்கரம்தானே!

இங்கேதான் எனக்கு வழக்கு. பெரும்பாலான மாற்றங்கள் பெயின்ட், நம்பர், ஹெட்லைட்டோடு நின்றுவிடுகின்றன. எங்க தொழில்ல சொன்னா, உள்ளே பழைய கோட், மேலே புது ஸ்கின். ஓடும், ஆனால் வேறு மென்பொருள் ஆகாது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். அந்த கிட் 1:76 அளவு. அது நிற்கும் தண்டவாளம் 16.5 மி.மீ. பெருக்கினால் 1254 மி.மீ. பிரிட்டனின் 1435-க்கே அது குறைச்சல். அங்கே எஞ்சின்கள் சிறியவை, அன்றைய மோட்டார்கள் பெரியவை. அதனால் உடலைக் கொஞ்சம் பெரிதாக்கி, பழைய தண்டவாளத்திலேயே ஏற்றிவிட்டார்கள். நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதற்கு 22 மி.மீ. தண்டவாளம் வேண்டும். அவர்கள் செய்த சமரசத்தை நாம் வட்டியோடு வாங்கிக்கொள்கிறோம்.

"நாலஞ்சு மில்லிமீட்டர்தானே, யார் பாக்கப்போறா?" என்று கேட்பீர்கள். போடிநாயக்கனூரில் வந்து கேளுங்கள். 1928-ல் வந்த மீட்டர்கேஜ் பாதை, உலகப் போரில் பிடுங்கப்பட்டு, 1950-களில் மறுபடி போடப்பட்டது. 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். அடுத்த ரயில் வந்தது 2023 ஜூன் 15. அந்த 2010-ல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிள்ளை பிளஸ் டூவே முடித்துவிட்டது. 1000-க்கும் 1676-க்கும் வித்தியாசம் 676 மி.மீ. 1:76-ல் அது ஒன்பது மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த ஒன்பது மில்லிமீட்டருக்காகத்தான் ஓர் ஊர் பன்னிரண்டு வருஷம் ரயிலில்லாமல் இருந்தது.

மீட்டர்கேஜ் டீசல் என்றால் ஒய்டிஎம்-4. ஆல்கோ வடிவமைப்பு, மூன்று அச்சு போகி இரண்டு. ட்ரூரியின் ஆறு சக்கரச் சட்டத்தில் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அது வராது. வேறு அடிச்சட்டம் தேடணும். 1:87-ல் 12 மி.மீ. தண்டவாளம் போட்டால் 1044 மி.மீ. வரும், மீட்டர்கேஜுக்கு அது நியாயமான நெருக்கம். வேலை இரட்டிப்பு, ஆனால் பார்க்கிற பிள்ளைக்குக் கிடைப்பது சரியான பாதை.

மலைக்கு மேலே கதை வேறு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908 முதல் இரண்டடி கேஜ் ரயில் ஓடியது. அங்கிருந்து சரக்கு ரோப்வேயில் இறங்கி போடிப் பக்கம் வந்தது. 1924 வெள்ளம் அந்தப் பாதையை அடித்துப்போனது. ஆக அங்கே டீசல் ஷண்டர் வெறும் கற்பனை. ட்ரூரி கேபினைக் குறுக்கி, 9 மி.மீ. சட்டத்தில் உட்காரவைத்து, ஏலத்தோட்டச் சரிவில் ஓட்டுங்கள், எனக்கு ஆட்சேபணையே இல்லை. "இப்படி ஒன்று இருந்ததில்லை" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும். கற்பனை தன்னைக் கற்பனை என்று சொல்லிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. வரலாறு என்று சொல்லிக்கொண்டு நிற்கும்போதுதான் சிக்கல், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க அசல் இப்போது ஊரில் இல்லை.

இதையெல்லாம் வைத்து கிட் மாற்றுவதே வீண் என்று சொல்லவில்லை. கடையில் ரெடிமேடாக வாங்குபவருக்கு அச்சு இடைவெளி என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. வெட்டுபவர் அளந்தே ஆகணும். அந்த அளத்தலுக்காகத்தான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கு பிடிக்கும். அதனால் அடுத்த மாடலைப் படம் எடுத்துப் போடும்போது நிறத்துக்கு முன்னால் மூன்றைச் சொல்லுங்கள்: அளவு விகிதம், தண்டவாள அகலம், எதை மாற்றாமல் விட்டீர்கள்.