மூட்டைக்குள் இருந்தது

சி.சு. செல்லப்பா என்றதும் புத்தக மூட்டையோடு கல்லூரி கல்லூரியாக அலைந்த மனுஷர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். இந்தத் தியாகி பிம்பம் நமக்கு ரொம்ப சௌகரியம்: கும்பிட்டால் போதும், படிக்க வேண்டாம். மூட்டைக்குள் என்ன இருந்தது? ‘புதுக்குரல்கள்’, ந. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’ என்று பெரிய பத்திரிகைகள் சீந்தாத புதுக்கவிதை. 1959இல் ‘எழுத்து’வில் அவர் தொடங்கிய விமர்சனத்தின் நீட்சியே அந்தச் சுமை. தேர்ந்தெடுத்தவரே அச்சிட்டார், அவரே தூக்கிக்கொண்டும் போனார். தன் தீர்ப்புக்குத் தானே விலை கொடுத்தார். எண்பது கடந்தும் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தானே வெளியிட்டார். 1998இல் மறைந்தார், சாகித்திய அக்காதெமி விருது 2001இல் வந்தது. அதுவும் பிம்பத்தைத்தான் பெருக்கிற்று. மூன்று பாகத்தையும் வாசித்துவிட்டு அவரோடு சண்டை போடுவோமே. விமர்சகனுக்கு அதைவிட என்ன மரியாதை?