நாவலைக் கொல்வது எப்படி?

ஒரு சினிமாவுக்குப் போகிறீர்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, 'ஹீரோ சட்டை என்ன கலர்? அது எதைக் குறிக்கிறது? ஐந்து மார்க்' என்று ஒருத்தர் கேட்டால் என்ன செய்வீர்கள்? இடைவேளைக்கு முன்பே எழுந்து வந்துவிட மாட்டீர்களா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நாவல் பாடம் இப்படித்தான் நடக்கிறது என்று கொதித்தவர் கெல்லி கேலகர். கலிஃபோர்னியாவில் பல வருஷம் ஆங்கிலம் நடத்திய வாத்தியார். 2009-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயர் 'ரீடிசைட்'. வாசிப்புக் கொலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நடத்துவதற்கான ஒரு கையேடு நூறு பக்கத்துக்கு மேல் போகிறதாம்! நாவலைத் துண்டு துண்டாக நறுக்குவது ஒரு கொலை. கடினமான புத்தகத்தைக் கையில் திணித்து, 'நீயே படிச்சுக்கோ' என்று விடுவதும் கொலைதான் என்கிறார். நியாயமான ஆள்.

இன்னொரு கட்சி, நான்சி ஆட்வெல். மெய்ன் மாநிலத்தின் எட்ஜ்கோம்ப் என்ற சிற்றூரில் 1990-ல் பள்ளி தொடங்கியவர். வகுப்புக்கே ஒரு நாவல் என்பதெல்லாம் அங்கே கிடையாது. அவரவர் தேர்ந்தெடுத்ததை அவரவர் படிக்கலாம். 2015-ல் முதல் 'குளோபல் டீச்சர்' பரிசு, பத்து லட்சம் டாலர், இவருக்குத்தான் கிடைத்தது. பணத்தைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டார்.

கும்பிடலாம். ஆனாலும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? தெரிந்ததை, ஒல்லியானதை. கடினமான நாவலுக்குள் கூட்டிப்போக அந்தப் பிள்ளைக்கு வாத்தியாரை விட்டால் வேறு யார்?

இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். 20 ஆசிரியர்கள், 12-13 வயதுப் பிள்ளைகள், 12 வாரம். கொஞ்சம் கடினமான இரண்டு முழு நாவல்களை வகுப்பில் சத்தமாக, வழக்கத்தைவிட வேகமாக வாசித்தார்கள். அவ்வளவுதான். 2019-ல் முடிவு வெளியானது. புரிந்துகொள்ளும் திறனில் சராசரியாக எட்டரை மாத முன்னேற்றம். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு? 16 மாதம்!

சின்ன ஆய்வுதான். ஆனால் பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு புரிகிறது. செலவு குறைவு, வரவு அதிகம். 'இவன் மெதுவாத்தான் படிப்பான்' என்று சொட்டுச் சொட்டாக ஊற்றியதில், கதை என்ற ஒன்றே அந்தப் பையனுக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கிறது.

உங்களில் ஆங்கில ஆசிரியர்கள் இருந்தால் ஒரு விண்ணப்பம். முதல் வாசிப்பைக் கதைக்கு விட்டுவிடுங்கள். கேள்விகள் இரண்டாம் வாசிப்பு வரை காத்திருக்கும். கோர்ட்டில் டாம் ராபின்சனுக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பிள்ளை தவித்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கத்தில் உவமை எத்தனை என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.