மூன்று நாள் கணக்கு

கடல்மீன் தொட்டியின் அழகு என்று பொதுவாகப் போற்றப்படுவது பவளப்பாறைகளின் நிறமும், கடல்சாமந்தியின் இழைகளுக்கிடையே புகுந்து புறப்படும் கோமாளி மீனின் துள்ளலுமே. ஆனால் அத்தொட்டியை ஆள்பவரின் கைத்திறனை அளக்க விரும்பும் ரசிகர் முதலில் காண வேண்டியது, கூடத்தில் ஒளிரும் அந்தத் தொட்டியை அன்று, புதிதாக வந்த மீன் இறக்கப்படும் சிறு தொட்டியை. மணலும் பாறையும் இன்றி, மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் ஒரு காற்றுக்குழாயும் மட்டுமே கொண்ட அதற்குத் தனிமைத் தொட்டி என்றும், வளர்ப்போர் வழக்கில் குவாரண்டைன் டேங்க் என்றும் பெயர். ஒட்டுண்ணியின் காலக்கணக்கைப் படித்து, அந்தக் கணக்கைக் கொண்டே அதை வெல்லும் நுட்பம் இந்த வெறுமையான தொட்டியில்தான் நிகழ்கிறது.

அந்நுட்பத்தைச் சுவைப்பதற்கு எதிராளியை அறிந்திருக்க வேண்டும். கடல்மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகாரியான் இர்ரிடன்ஸ் என்னும் ஒருசெல் உயிரி. 1937-இல் ஜப்பானிய ஆய்வாளர் சிகமா விவரித்த நோய்க்குக் காரணமான இந்த உயிரிக்கு 1951-இல் பிரவுன் என்பவர் இப்பெயரைச் சூட்டினார். மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புதைந்து திசுவைத் தின்று வளரும் பருவத்தில் அது உப்புக்கல் தூவியது போன்ற வெண்புள்ளியாகத் தெரிகிறது. மூன்று முதல் ஏழு நாள் வரை அவ்வாறு உண்டபின், பெரும்பாலும் இருட்டு வேளையில், மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கடினமான கூடு ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. கூட்டினுள் ஒரு செல் பலவாகப் பிளந்து, இருநூறு வரையிலான குஞ்சுயிரிகள் உருவாகின்றன. அவை குறைந்தது மூன்று நாளிலும், சூழ்நிலைக்கேற்ப 72 நாள் வரை தாமதித்தும் கூட்டை உடைத்து வெளியேறி, அடுத்த மீனைத் தேடி நீந்துகின்றன. நீந்தும் இப்பருவத்துக்கு ஆயுள் ஓரிரு நாளே. மீனைத் தொற்றும் வல்லமையோ சில மணி நேரத்திலேயே தேயத் தொடங்கிவிடும்.

ஆகவே புள்ளிகள் ஒருநாள் காலையில் காணாமற்போவது நோய் தீர்ந்ததன் அடையாளம் அன்று. உண்டு முடித்த ஒட்டுண்ணி பெருகுவதற்காக இறங்கிவிட்டது என்பதே அதன் பொருள். அனுபவமற்றவர் நிம்மதி அடையும் அந்தக் காலையில்தான் தேர்ந்தவர் நாட்களை எண்ணத் தொடங்குகிறார்.

இந்தக் கணக்கிலிருந்து பிறந்த முறைகளுள் மிக நேர்த்தியானது தொட்டி மாற்றும் முறை. கூட்டிலிருந்து குஞ்சுயிரிகள் வெளிவரக் குறைந்தது மூன்று நாள் ஆகும் என்பதால், அந்த மூன்று நாள் முடிவதற்குள் மீனைப் புதுநீர் நிறைந்த இன்னொரு தொட்டிக்கு மாற்றினால், உதிர்ந்த ஒட்டுண்ணிகள் எல்லாம் பழைய தொட்டியிலேயே கூட்டோடு தங்கிவிடும். அந்தத் தொட்டியைக் கழுவி முற்றிலும் காயவைத்தால் கூடுகள் மடியும். ஒட்டுண்ணி மீனின் உடலில் தங்கக்கூடிய காலம் ஏறத்தாழ ஒரு வாரம் என்பதால், நான்கு மாற்றங்கள், அதாவது பன்னிரண்டு நாட்கள், பாதுகாப்பான இடைவெளியோடு போதுமானவை. இம்முறையில் ஒரு துளி மருந்தும் இல்லை. புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா இராது என்ற வழக்கமான இடரும், அம்மோனியா மிகுவதற்குள் நீரே மாற்றப்பட்டுவிடுவதால், பெரிதும் தணிகிறது. ஒரே செயல் இரண்டு சிக்கல்களை அவிழ்க்கும் இந்தச் சிக்கனத்தைக் கணித ரசிகர் ஒரு நல்ல நிறுவலில் காணும் இன்பத்தோடு ஒப்பிடலாம்.

மற்ற இரு வழிகளும் தமக்கே உரிய நுட்பம் உடையவை. செம்பு மருந்து நீந்தும் குஞ்சுயிரிகளை மட்டுமே கொல்லும், மீனுள் புதைந்தவற்றையும் கூட்டுக்குள் இருப்பவற்றையும் தொடாது. எனவே எல்லாப் பருவங்களும் நீருக்கு வந்து தீரும்வரை, லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவில் செம்பு அயனி குறையாமலும் மிகாமலும் வாரக்கணக்கில் நிலைநிறுத்தப்பட வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், மிகுந்தால் மீன் நஞ்சுறும். சுண்ணாம்புத் தன்மையுள்ள மணலும் பாறையும் செம்பை உறிஞ்சுவதாலும், பவளமும் இறாலும் அதைத் தாங்காததாலும், தனிமைத் தொட்டி வெறுமையாக இருப்பது அலங்காரக் குறைவால் அன்று என்பது இங்கே விளங்கும். தொட்டி நீரின் உவர்ப்பைக் குறைப்பது மற்றொரு வழி. 1985-இல் ஆய்வாளர் கொலோர்னி, வளர்ப்புக் கடல்மீன்களில் இந்த ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்த அதனைப் பயன்படுத்திக் காட்டினார்.

எல்லா வெள்ளையும் வெண்புள்ளி அன்று என்பதைக் கண்டுகொள்வதில்தான் தேர்ந்த கண் வெளிப்படுகிறது. மாவு தூவியது போல நுண்ணிய பொன்துகள் படிந்து, மீன் மூச்சு வாங்கினால் அது அமைலூடினியம் என்னும் வெல்வெட் நோய். அதன் சுழற்சி வேகமானது என்பதால் மூன்று நாள் கணக்கை நம்ப இயலாது, செம்பே துணை. கோமாளி மீனின் உடலில் சளி தகடாக உரிந்தால் அது புரூக்ளினெல்லா; மீனின் மேலேயே இரண்டாகப் பிளந்து பெருகும் அதற்குத் தொட்டி மாற்றம் பயன்படாது, அளந்த ஃபார்மலின் குளியலே வேண்டும். தோலில் ஒட்டும் தட்டைப்புழுக்களோ, வெப்பமும் காரத்தன்மையும் ஒத்த நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் வைத்தாலே வெளுத்து உதிர்கின்றன.

தமிழகத்தில் இக்கலைக்குரிய இடம் மண்டபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தில், கடலில் பிடித்த தாய்மீன்களை மற்றவற்றோடு சேர்க்குமுன் தனிமைத் தொட்டியில் வைத்து ஒட்டுண்ணி நீக்குவது அடிப்படை ஒழுங்கு. 2010-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல் விரால் குஞ்சுகள் அங்கே பொரிக்கப்பட்ட வெற்றிக்குப் பின்னால் இத்தகைய ஒழுங்கும் உண்டு. அதே ஊர்ப்பெயரில் இன்றும் ஒட்டியிருக்கும் ‘கேம்ப்’ என்னும் சொல், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் கப்பலேறுமுன் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்ட முகாமை நினைவூட்டுகிறது. 1377-இல் ரகூசா துறைமுகம் வந்தவர்களை முப்பது நாள் ஒதுக்கிவைத்த சட்டத்திலிருந்து, வெனிசிய வழக்கில் நாற்பது நாளைக் குறித்த சொல்லாகிய குவாரண்டைன் வரை, மனிதர் கண்ட ஒதுக்கங்கள் யாவும் உள்ளே இருப்பவரின் அச்சத்தால் எழுந்தவை. வெளியே நிறுத்தப்பட்டவரின் நலம் அவற்றில் இரண்டாம் இடமே பெற்றது.

கடற்கரையை விட்டு அகன்று, மலையடிவாரத்து மம்சாபுரத்தில் ஒருவர் கடல்மீன் வளர்க்க முனைந்தால், இக்கலையின் செலவு அவருக்குக் கிலோக்கணக்கில் விளங்கும். கண்மாய்கள் உள்ள அந்த வட்டாரத்தில் கடல்நீரை உப்பு கலந்தே ஆக்க வேண்டும். மெக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் வேண்டியிருப்பதால் சமையலுப்பு உதவாது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்று கொண்டால், நாற்பது லிட்டர் தொட்டிக்கு 1.4 கிலோ, தொடக்க நீரும் நான்கு மாற்றங்களும் சேர்ந்து ஏழு கிலோ உப்பு பன்னிரண்டு நாளில் கரைந்து வெளியேறிவிடும். ஆயினும் பெரிய தொட்டியில் நோய் புகுந்தால், கூடுகளின் 72 நாள் எல்லையையும் தாண்டி, அதை மீனின்றி 76 நாள் வரை விட்டுவைக்க நேரும் என்பதை எண்ணினால், ஏழு கிலோ மிகச் சிறிய விலையே.

பன்னிரண்டு நாள் பிசகாமல் எண்ணப்பட்டதா என்பது இக்கலையை மதிப்பிடும் முதல் அளவுகோல். வலையிலும் பையிலும் அலைக்கழிந்து வந்த மீன், அந்தக் குழாய்த் துண்டின் நிழலில் அச்சம் தணிந்து, கொடுத்த இரையை வெளியே வந்து வாங்கித் தின்றதா என்பது அதைவிடக் கடினமான இரண்டாம் அளவுகோல். துறைமுக முகாம்களில் எவரும் கேட்காத அந்தக் கேள்வியை நாள்தோறும் கேட்டுக்கொள்பவரின் தொட்டியே ரசிக்கத் தக்கது.