யார் வைத்த வழக்கம்?

யானைக்கவுனியிலிருந்து தங்கசாலைத் தெருவைத் தாண்டிக் கிழக்கே போனால் பவளக்காரத் தெரு. பதினேழாம் நூற்றாண்டில் பவளம் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன யூத வணிகர்களின் நினைவு அந்தப் பெயரில் மிச்சமிருக்கிறது. அவர்களின் கல்லறைகள் சில இன்று லாயிட்ஸ் ரோட்டில். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீடுகளில் என்ன சமைத்தார்கள் என்று கல்லறை சொல்லாது.

அதைச் சொல்ல ஒரு ரூபி டேனியல் வேண்டும். 1912இல் கொச்சியில் பிறந்து, 1951இல் இஸ்ரேல் போனவர். பார்பரா ஜான்சனோடு சேர்ந்து அவர் எழுதிய 'ரூபி ஆஃப் கொச்சின்' 1995இல் வந்தது.

யூதர்களுக்கு வேதம் ஒன்று. வழக்கம் வீட்டுக்கு வீடு வேறு. அதற்கு எபிரேயத்தில் 'மின்ஹாக்' என்று பெயர். பஸ்கா பண்டிகையில் புளித்த மாவு எல்லோருக்கும் விலக்கு. ஐரோப்பிய அஷ்கெனாசி வீடுகளில் அரிசியும் கூடாது. செபார்டி வீடுகள் பலவற்றில் அரிசி உண்டு. கல்யாணமான பெண் பொதுவாகக் கணவன் வீட்டு முறைக்கு மாறிக்கொள்வாள். வடகலை, தென்கலை சம்பந்தங்களில் நாம் பார்த்ததுதான். கொச்சியில் ஓய்வுநாள் ஆசீர்வாதத்துக்கு உலர்திராட்சையிலிருந்து எடுத்த ரசம். சிம்ஹத் தோரா அன்று ஜெப ஆலயத்துக்கு வெளியேயும் வலம் வருவார்கள்.

படிக்க இதமாக இருக்கிறது, இல்லையா? ரூபி அந்த இதத்தோடு நம்மை விடுவதில்லை. அவர் குடும்பம் 'மெஷுக்ராரிம்', அதாவது விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிரிவு. 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில் அந்தப் பிரிவினர் பெஞ்சில் உட்காரக் கூடாது. அதுவும் வழக்கம்தான். சென்னையில் சட்டம் படித்த ஏ. பி. சேலம், காந்தியின் சத்தியாக்கிரகத்தை அந்த ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோய்ப் போராட வேண்டியிருந்தது.

புத்தகம் ஒழுங்காக நகர்வதில்லை. கதையிலிருந்து பாட்டுக்கும் பண்டிகைக்கும் தாவுகிறது. எனக்கு அதுவே பலமாகப் படுகிறது. ஓர் ஆய்வாளர் உணவை ஒரு அத்தியாயத்திலும் ஒதுக்கலை இன்னொன்றிலும் அடுக்கியிருப்பார். வாழ்ந்தவருக்கு இரண்டும் ஒரே வீடு, ஒரே நாள்.

திராட்சை ரசம் நமக்கு நாமே வைத்துக்கொண்ட விதி. பெஞ்ச், அடுத்தவர் தலையில் நாம் வைத்த விதி. இரண்டுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருப்பதுதான் பிரச்சினை. பொங்கலுக்கு எந்தப் பானை என்பதும், வேலைக்கு வரும் அக்காவுக்கு எந்த டம்ளர் என்பதும் நம்மிடமும் 'எங்க வீட்டு வழக்கம்'தான்.