எடை குறைந்த பிறகு வரும் ஆண்டுகள்

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையை முதல் ஆண்டின் பலனை வைத்து மதிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. 130 கிலோ இருந்தவர் 85 கிலோவுக்கு வந்தார், சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இரைப்பையையும் குடலையும் மாற்றியமைக்கும் ஒரு சிகிச்சையின் நன்மையும் தீமையும் முழுதாகத் தெரியப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும்.

நன்மை பெரியது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களையும், அதேபோன்ற பருமனோடு வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற இன்னும் 2,000 பேரையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. 2020-இல் வெளியான கணக்கின்படி, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் ஆயுள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3 ஆண்டு கூடுதல். இந்தச் சிகிச்சையைப் பணக்காரர்களின் அழகுச் சிகிச்சை என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த ஒரு தகவலே போதிய பதில்.

அதே ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டோருள் நீரிழிவு இருந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு 2-ஆம் ஆண்டில் அது தணிந்திருந்தது. 15-ஆம் ஆண்டில் அந்த அளவு 30 சதவீதமாக இறங்கிவிட்டது. 26 ஆண்டு வரை நீண்ட பின்தொடர்தலில், 100 பேரில் சுமார் 28 பேருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பட்டை மாட்டிக்கொண்டவர்களில் இது 41 சதவீதம். இரைப்பையைச் சிறு பையாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்களில் 8 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, எந்த அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது எதிர்காலத்தில் வரக்கூடிய இரண்டாம் அறுவை சிகிச்சையையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பதாகும்.

பட்டையின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. அமெரிக்காவில் 2001-இல் அனுமதி பெற்றபோது அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்டது, எதையும் வெட்டவில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பதே. ஆண்டுகள் போகப் போகப் பட்டை இடம் நழுவியது. சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகுந்தது. சிலருக்கு அதற்கு மேலிருந்த உணவுக்குழாய் விரிந்துபோனது. இன்று அது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது.

அதன் இடத்தைப் பிடித்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றி, மிச்சத்தைக் குழாய்போல் ஆக்குவது இது. மிக அதிக எடையுள்ளவர்களுக்கான பெரிய அறுவை சிகிச்சை ஒன்றின் முதல் கட்டமாகவே இதைச் செய்தார்கள். அந்த முதல் கட்டத்திலேயே பலருக்கு எடை நன்றாகக் குறையவே, அது தனிச் சிகிச்சையாகி, இன்று உலகில் அதிகம் செய்யப்படுவதாகவும் ஆகிவிட்டது. குடலைத் தொட வேண்டியதில்லை, நேரமும் குறைவு என்பவை அதன் பலங்கள். ஆனால் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறுகிறது. பின்லாந்தில் 240 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், 10 ஆண்டு கழித்து எண்டோஸ்கோபி செய்து பார்த்தபோது, ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் 31 சதவீதத்தினருக்கு உணவுக்குழாய் அழற்சி இருந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் 7 சதவீதம்தான். முன்பே கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் செய்துவிட்டு, சில ஆண்டுகளில் அதை பைபாஸாக மாற்றுவதை எதிர்பாராத சிக்கல் என்று சொல்லிவிட முடியாது.

பைபாஸுக்கும் அதன் பங்குக்குத் தொல்லைகள் உண்டு. எடை இறங்கிக் குடலைச் சுற்றிய கொழுப்பு கரையும்போது, அறுவையில் உண்டான இடைவெளிகள் பெரிதாகி, குடல் அதற்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளலாம். வலி வரும், போகும். ஸ்கேன்கூடச் சில சமயம் சரியாக இருப்பதாகவே காட்டும். கர்ப்ப காலத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றின் குறைபாடு சத்தமில்லாமல் வளரும். நம் ஊர்களில் வேறு சில அபாயங்களும் உண்டு. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, இரைப்பையும் குடலும் இணைந்த இடத்தில் புண்ணாக்கி ரத்தம் கசியச் செய்யலாம். ஓயாத வாந்தியோடு வருபவருக்கு வைட்டமின் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். அவசரத்துக்குப் போகும் பக்கத்து ஊர் மருத்துவருக்கு, நோயாளியின் வயிற்றுக்குள் என்ன மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது என்றே தெரியாமல் இருப்பதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து.

மறு அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. சிக்கிய குடலை விடுவிப்பது உயிர்காக்கும் அவசரம். தீராத அமில எதுக்களிப்புக்காக ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதால் பெரும்பாலோருக்கு நல்ல நிவாரணம் கிடைக்கிறது. ஏறிய எடையைக் குறைக்க மட்டும் மீண்டும் வெட்டுவது வேறு வகை. பழைய தழும்புகளுக்கு நடுவே செய்வதால் கசிவு போன்ற அபாயம் முதல் முறையைவிடக் கூடுதல். குறையும் எடையோ முதல் முறையைவிடக் குறைவு. செமாகுளுடைட், டிர்செபடைட் போன்ற எடைக்குறைப்பு மருந்துகள் வந்துவிட்ட இக்காலத்தில், இந்த மூன்றாம் வகைக்கு அவசரப்பட நியாயமில்லை.

எடை திரும்பியவரிடம், “நீங்கள் வாயைக் கட்டவில்லை” என்று சொல்வது கொடுமை. இழந்த எடையை மீட்கப் பசியைக் கூட்டுவதும் சக்திச் செலவைச் சுருக்குவதும் உடலின் இயல்பு. அந்தப் பழிச்சொல்லுக்குப் பயந்தே பலர் பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு வந்த சிக்கல் எந்த மருத்துவமனையின் வெற்றிக் கணக்கிலும் பதிவாவதில்லை.

காப்பீட்டின் பார்வையும் வாசலோடு நின்றுவிடுகிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி, உடல் நிறை குறியீட்டெண் 40, அல்லது கடும் இணைநோய்களோடு 35 என்று யாருக்குச் செலவு ஏற்கப்படும் என்பதைச் சொல்கிறது. பிந்தைய ஆண்டுகளைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை, ஸ்லீவ் செய்தவர்களுக்குச் சில ஆண்டுக்கொருமுறை எண்டோஸ்கோபி, குடலை எத்தனை சென்டிமீட்டர் தாண்டி இணைத்தார்கள், இடைவெளிகளைத் தைத்தார்களா என்பது வரை எழுதிய அறுவைக் குறிப்பு நோயாளியின் கையில் என்பவை சிகிச்சையின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

தகுதியுள்ள ஒருவர் என்னைக் கேட்டால், செய்துகொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடச் சொல்வேன்: பத்தாம் ஆண்டில் எனக்குத் தொல்லை வந்தால் யார் பார்ப்பார்கள், என்ன செய்வார்கள், அதன் செலவு யாருடையது? தெளிவாகப் பதில் சொல்லும் இடத்தில் செய்துகொள்ளலாம். பதில் இல்லாத இடத்தில், எத்தனை சலுகை தந்தாலும் செய்துகொள்ளக் கூடாது.